‘பிறகு’ என்று எழுதிய அறை

எங்கள் ஊரில் கட்டடம் கட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு ஆசைதான். கட்டி முடித்தபின் அதில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்க முடியாதபடி இருக்கவேண்டும். வீடோ, லாட்ஜோ, கல்யாண மண்டபமோ, எதுவானாலும் வாசலில் பருத்த தூண்கள், படிகளுக்குக் கிரானைட், முகப்பு முழுக்க நீலக் கண்ணாடி. உள்ளே போனால் பகலிலும் விளக்குப் போட்டால்தான் கண் தெரியும். திருத்தணிக்கு வருகிறவர்கள் மலைமேல் முருகனைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கி இவற்றையும் பார்த்துத் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஷோபனா திரும்பி வந்தாள்.

கே.ஜி.கண்டிகை துளசிங்கத்தின் ஒரே மகள். துளசிங்கத்துக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை, நிறையப் பிடிவாதம். அந்தப் பிடிவாதத்தில்தான் மகளைச் சென்னைக்கு அனுப்பி ஆர்க்கிடெக்ட் ஆக்கினார். ஆர்க்கிடெக்டுக்கும் இன்ஜினியருக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் வந்த புதிதில் ஊராருக்குப் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு, “ஆங், அதாங்க, இன்ஜினியரு” என்று தலையாட்டினார்கள். பிறகு விட்டுவிட்டாள். அவள் கணவன் கனடாவில் இருந்தான், இவள் இங்கே இருந்தாள், இருவருக்கும் இனி ஒன்றுமில்லை என்று ஆகியிருந்தது. அவள் என்ன படித்தாள், எங்கே வேலை பார்த்தாள் என்பதைவிட ஊருக்கு இந்த விவரம்தான் ருசித்தது.

சென்னையில் அவள் வேலை பார்த்தது ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமே பிளான் போடும் ஒரு கம்பெனியில். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியை ஓர் அங்குலம் வீணாகாமல் வரைந்தார்கள். திறந்து சில வருஷங்களுக்குள் புது மெஷின் ஒன்று வந்தது, அதை வைக்க இடமில்லை. சுவரை இடித்தார்கள். பக்கத்து வார்டில் பச்சைக் குழந்தைகள் கிடந்தன. நர்ஸுகள் படுக்கை விரிப்புகளைத் தண்ணீரில் நனைத்து வாசலெல்லாம் தொங்கவிட்டு, தூசியைத் தடுக்கப் பார்த்தார்கள். இதையெல்லாம் ஷோபனா நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் கம்பெனி முதலாளி அதே கட்டடத்தின் படங்களை ஒரு மாநாட்டில் காட்டி, ‘எதிர்காலத்துக்கான மருத்துவமனை’ என்று பேசினார். ஷோபனா சபையில் உட்கார்ந்தபடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது அவள் சுபாவம். அந்தச் சிரிப்போடு வேலையும் போயிற்று.

ஊருக்கு வந்து வீடுகளுக்கு பிளான் போட்டாள். அக்னி மூலையில் அடுப்பு, குபேர மூலையில் பீரோ, நடுவில் மனிதர்கள் எங்கேயாவது இருந்துகொள்ளலாம். இந்த லட்சணத்தில் சில வருஷங்கள் ஓடியபோதுதான் கோதண்டபாணி கூப்பிட்டனுப்பினார்.

கோதண்டபாணி யாரென்றால், மலையடிவாரத்தில் கல்யாண மண்டபங்களும் லாட்ஜுகளும் வைத்திருப்பவர். துளசிங்கத்தோடு சேர்ந்து படித்தவர் என்பதால் ஷோபனாவுக்கு மாமா. அவர் அப்பா துரைக்கண்ணு நெஞ்சுவலி வந்து சென்னைக்குப் போகும் வழியில் ஆம்புலன்ஸிலேயே இறந்துபோனார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். கருமாதி முடிந்த மறுநாளே, அப்பா பேரில் ஊரில் ஓர் ஆஸ்பத்திரி கட்டுவது என்று முடிவு செய்தார். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மற்ற எல்லாவற்றிலும் வருகிறது.

ஏனென்றால் அவருக்குத் தெரிந்த கட்டடம் கல்யாண மண்டபம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி என்றாலும் அவர் மனதில் தோன்றியது ஒரு பெரிய ஹால், அதற்குப் பின்னால் ஒரு டைனிங் ஹால், இரண்டு பக்கமும் மாப்பிள்ளை ரூம், பொண்ணு ரூம். அவற்றில் கட்டிலைப் போட்டு டாக்டரை உட்காரவைத்தால் ஆஸ்பத்திரி. கனகம்மாசத்திரம் போகும் ரோட்டில் இடத்தை வாங்கி, பூமி பூஜையும் போட்டுவிட்டுத்தான் பிளான் கேட்டார்.

ஷோபனா வரைந்துகொண்டு போனதை லாட்ஜ் ஆபீசில் மேசைமேல் விரித்து, ஒவ்வொரு கோட்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

“பாப்பா, இது இன்னாது, நடையா ரோடா? லாரி போவும் போலக்கீது.”

“ரெண்டு கட்டிலு எதிரும் புதிருமா போவணும் மாமா. அவ்வளவு அகலம் வேணும்.”

“ஒண்ணு போனப்பறம் இன்னொண்ணு போனா ஆவாதா?”

முப்பத்தெட்டு வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிடும் மனிதரிடம், உயிர் போகிறவன் வரிசையில் நிற்க மாட்டான் என்பதை அவள் விளக்கினாள். தலையாட்டினார். விரல் இன்னும் நகர்ந்து, ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வாசலுக்கு அருகே இருந்த ஒரு பெரிய அறையில் போய் நின்றது. மற்ற அறைகளில் எல்லாம் ஐ.சி.யூ., லேப், எக்ஸ்ரே என்று எழுதியிருந்தது. இதில் ‘பிறகு’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“பெறகுன்னா?”

“இப்பத்திக்கு ஒண்ணும் இல்ல. காலி ரூமு. தண்ணி, கரண்டு, ஆக்சிஜன் எல்லாம் சொவரு வரைக்கும் வந்து நிக்கும். இன்னும் பத்து வருஷத்துல எந்த நோவு வரும், எந்த மெஷினு வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா மாமா? எனக்கும் தெரியாது. தெரியாததுக்கு ஒரு எடம் வேணும்.”

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். ஒவ்வொரு அறைக்கும் ஒரு நன்கொடையாளரைப் பிடித்து வைத்திருந்தார் அவர். வாசலில் அவரவர் பெயரைக் கல்லில் வெட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒன்றுமில்லாத அறைக்கு யார் பெயரைப் போடுவது, யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் மின்விசிறியின் இறக்கையில்கூட உபயம் இன்னார் என்று எழுதியிருக்கும். சுற்றும்போது படிக்க முடியாது என்பதுதான் ஒரே ஆறுதல்.

கடைசியில் ஒரு பேரம் நடந்தது. முகப்பை ஷோபனா அவர் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாள். முன்ஹாலில் தூணோ சிலையோ சாண்டலியரோ எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். பதிலுக்கு, ஹாலுக்குப் பின்னால் இருப்பதில் அவர் கை வைக்கக் கூடாது, அந்தக் காலி அறை உட்பட.

ஆகவே முகப்பு அவர் விருப்பப்படி வந்தது. அதைப் பார்த்தவர்கள் முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். முன்ஹாலின் நடுவே கருங்கல்லில் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார், கல்லிலேயே கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு. சுற்றிலும் சிவப்பு வெல்வெட் கயிறு. நோயாளிகள் ஓரமாக நடந்து போகவேண்டும்.

ஹாலைத் தாண்டிவிட்டால் வேறு ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். தூண்கள் எல்லாம் ஒரே சீரான இடைவெளியில் நிற்கும், பளுவை முழுக்க அவைதான் தாங்கும். சுவர்கள் வெறும் தடுப்புகள். இன்று இரண்டு அறையாக இருப்பதை நாளைக்கு ஒன்றாக்கலாம், மறுநாள் மூன்றாக்கலாம். குழாய்களும் வயர்களும் சுவருக்குள் புதையாமல், ஓர் ஆள் நுழையும் சந்தில் தரையிலிருந்து மொட்டைமாடி வரை ஏறி இறங்கின. எதையாவது மாற்றவேண்டும் என்றால் வெளிப்பக்கக் கதவைத் திறந்து சந்துக்குள் நுழைந்து வேலை பார்க்கலாம். உள்ளே படுத்திருப்பவர் தூக்கம் கலையாது. வெளியிலிருந்து பார்த்தால் இவற்றில் ஒன்றும் தெரியாது. அதனால் யாரும் பாராட்டவும் இல்லை.

ஆஸ்பத்திரி திறந்த மறு மாதமே காலி அறைக்குக் குடித்தனக்காரர்கள் வந்துவிட்டார்கள். முதலில் மண்டபத்துப் பித்தளை அண்டாக்கள். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலிகள், கூரை தொடும் அளவுக்கு. அதற்கப்புறம் மணமக்கள் உட்காரும், தங்கப் பூச்சுப் பூசிய சிம்மாசனம். காய்ச்சலோடு வந்த ஒருவர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அது டாக்டர் சீட்டா என்று கேட்டாராம்.

தலைமை நர்ஸ் அனிதா, அம்மையார்குப்பத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். ஆனால் அறையில் ஏதாவது வந்து இறங்கினால் ஷோபனாவுக்கு ஒரு போன் போகும். ஷோபனா ஸ்கூட்டரில் வந்து, கோதண்டபாணியின் மேனேஜரோடு சண்டை போட்டு, சாமான்களை வெளியேற்றுவாள். அண்டா போனதும் உடைந்த கட்டில்கள் வந்தன. கட்டில்கள் போனதும் பெரிய டாக்டர் குமரேசனே வந்தார். அந்த அறையில் ஏ.சி. போட்டுத் தன் கன்சல்டிங் அறையாக்கிக்கொள்ள அவருக்கு ஓர் ஆசை. நவீன மருத்துவமனை எப்படி வளைந்து கொடுக்கவேண்டும் என்பது பற்றி வகுப்பெடுக்கக் கூடியவர்தான் அவர். தன் அறையின் ஜன்னலில் மேற்கு வெயில் அடிக்கிறது என்பதோடு அவருடைய வளைவு நின்றுவிடும். ஷோபனா முடியாது என்றாள். ஊழியர்கள் அவளுக்குக் காலி ரூமு வாட்ச்மேன் என்று பெயர் வைத்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஆடிக் கிருத்திகை வந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊர் ஊராக இருக்காது. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும், சித்தூர் ஜில்லா முழுவதிலிருந்தும், இந்தப் பக்கம் ஆற்காட்டிலிருந்தும் மலர்க் காவடிகள் வந்துகொண்டே இருக்கும். மயங்கி விழுகிறவர்கள், கால் கொப்புளித்தவர்கள், அலகு குத்திய இடம் சீழ் வைத்தவர்கள் எல்லாரும் அந்த இரண்டு மூன்று நாளில்தான் வருவார்கள். அதற்கும் அந்த அறை உதவும் என்று ஷோபனா முதலிலேயே சொல்லியிருந்தாள். கட்டிலைப் போட்டால் வார்டு, எடுத்துவிட்டால் மறுபடியும் காலி அறை.

மத்தியானம் அனிதாவிடமிருந்து போன் வந்தது. ஷோபனா வந்து பார்த்தபோது நடை முழுக்க ஸ்ட்ரெச்சர்கள். அகலமாகக் கட்டியிருந்ததால் நடுவே வழி இருந்தது, அவ்வளவுதான். அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே பாய் விரித்து வரிசையாக மொட்டைத் தலைகள், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், மூட்டைகள், ஜன்னல் கம்பியில் காயும் துணிகள். லாட்ஜுகள் நிரம்பி, மண்டபமும் நிரம்பி, மிஞ்சியவர்களைக் கோதண்டபாணி ஆஸ்பத்திரி அறையில் வாடகைக்கு விட்டிருந்தார்.

அவள் சத்தம்போட வாயைத் திறந்தாள். அதற்குள் ஓரத்தில் ஒரு பெண் அவசரமாக எழுந்தாள். மடியில் அன்று காலைதான் மொட்டையடித்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. “மேம் எக்கடிக்கி போவாலம்மா?” என்று தெலுங்கில் கேட்டாள். நாங்கள் எங்கே போகவேண்டும் என்று. கோபமாகக் கேட்கவில்லை. துரத்தப்பட்டுப் பழகியவள்போல் கேட்டாள்.

ஷோபனா திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு தெலுங்கிலேயே, இதைவிட நல்ல இடம் இருக்கிறது, எல்லாரும் என்னோடு வாருங்கள் என்றாள். முன்ஹாலுக்கு அழைத்துப் போய், வெல்வெட் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அனிதாவிடம் கொடுத்தாள். வந்தவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சில்லென்ற கிரானைட் தரை, தலைக்குமேல் சாண்டலியர். பாயை விரித்துப் படுத்தார்கள். காலியான அறையைக் கழுவிக் கட்டில்களைப் போட்டு, நடையில் கிடந்தவர்களை அனிதா உள்ளே எடுத்துக்கொண்டாள்.

அன்னதானத்தை முடித்துக்கொண்டு கோதண்டபாணி சாயங்காலம் வந்தார். துரைக்கண்ணுவின் கல் முழங்காலில் சாய்ந்து ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நீட்டிய கல் கையில் ஈர வேட்டி காய்ந்தது. யாரோ அவரை ஏதோ ஒரு சித்தர் என்று நினைத்து, நெற்றியில் விபூதி பூசி, காலடியில் தேங்காய் உடைத்திருந்தார்கள்.

“எங்கப்பா மேல வேட்டி காயுது” என்றார் கோதண்டபாணி.

அங்கே ஷோபனா பேசாமல் இருந்திருக்கலாம். எல்லார் முன்னாலும் சிரித்தாள். “தாத்தா இப்பவாவது ஒருத்தருக்கு ஒதவினாரே மாமா.”

அது சொல்லக் கூடாத வார்த்தை. அந்த மனிதர் ஆம்புலன்ஸில் யார் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். கோதண்டபாணி வேட்டியைத் தானே எடுத்து மடித்துக் கீழே வைத்தார். காரில் ஏறும்போது மேனேஜரிடம், இனிமேல் அந்தப் பெண் இந்தக் காம்பவுண்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்.

அன்றிரவுக்குள் கே.ஜி.கண்டிகை வரை செய்தி போய்விட்டது. துளசிங்கம் மகளைத் திட்டவில்லை. சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு, “உன் படிப்புக்கு நான் போட்டதையெல்லாம் உன் வாயி தின்னுடுது” என்று மட்டும் சொன்னார். போய் மன்னிப்புக் கேள் என்றார். முன்ஹாலில் அவர்களைப் படுக்கவைத்ததற்குக் கேட்க முடியாது நைனா என்றாள் அவள். தாத்தாவைப் பற்றிச் சொன்ன வார்த்தையை அவள் பேச்சில் எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு வீட்டு வேலைகள்கூட வருவது நின்றது. கோதண்டபாணியைப் பகைத்துக்கொண்டவளிடம் பிளான் வாங்கினால் நாளைக்கு மண்டபம் கிடைக்காதே என்ற கவலை ஊருக்கு. பள்ளிக்கூடத்துக் கழிப்பறை, யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டகை, இவைதான் வந்தன. ஆஸ்பத்திரியின் மாடியில் இன்னொரு தளம் எழுப்பும் வேலை கோதண்டபாணியின் மருமகன் விஜயனுக்குப் போயிற்று. விஜயன் இன்ஜினியர். ஊருக்குப் பிடித்த வகை. அவன் முதலில் செய்தது, மாடியில் குழாய்ச் சந்தின் கதவுகளைக் கிரானைட் வைத்து அடைத்தது. அசிங்கமாகத் தெரிந்ததாம். ஷோபனா பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்க ஜன்னலில் போய் உட்காருவாள். இதை என்னிடம் சொன்னது அவள் அம்மா.

அந்த அறை என்னவாயிற்று என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. அண்டாக்கள் திரும்பியிருக்கும் என்றே நினைத்திருந்தாள். திரும்பத்தான் வந்தன. அனிதா என்ன செய்தாள் என்றால், லாரியிலிருந்து அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தபோதே ஒரு போர்டை எழுதி அறைக் கதவில் மாட்டினாள். ‘தொற்றுநோய்ப் பிரிவு. உள்ளே வராதீர்கள்.’ இறக்கியவர்கள் மறுபடியும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்புறம் ஒரு வருஷத்துக்குமேல் அந்த அறைக்குள் ஒரு நாற்காலிகூட நுழையவில்லை. என்ன தொற்றுநோய், உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியின் சேர்மனான கோதண்டபாணியே அந்தக் கதவைக் கடக்கும்போது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக நடப்பார். பிளானையும் காரணத்தையும் வைத்து ஷோபனா சாதிக்க முடியாததை ஒரு போர்டு சாதித்தது.

கோதண்டபாணியின் அக்கா சுலோச்சனாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது அந்தச் சமயத்தில்தான். டயாலிசிஸுக்காக வாரத்துக்கு மூன்று தடவை காரில் சென்னைக்குப் போய் வந்தாள். திரும்பும்போது வழியெல்லாம் வாந்தி. டாக்டர் குமரேசன் வெகுநாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார், சுற்று வட்டாரத்தில் பஸ்ஸில் இப்படிப் போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர், இங்கேயே டயாலிசிஸ் வைக்கவேண்டும் என்று. அவர்கள் பஸ்ஸில் போனவரைக்கும் கோதண்டபாணிக்கு அது காதில் விழவில்லை. அக்கா காரில் வாந்தி எடுத்தபோது விழுந்தது.

விஜயனிடம் வழி கேட்டார். அவன் மாடியில் தான் கட்டிய அறைகளிலேயே வைத்துவிடலாம் என்றான். அளந்து பார்த்தால் குழாய் கொண்டுபோக வழியில்லை, வழியைக் கிரானைட் அடைத்திருந்தது. சரி, கீழே மூன்று வார்டுகளை இடித்துவிடலாம், சில மாதங்களுக்கு ஓ.பி.யை மூடிவைக்கலாம் என்றான். குமரேசன், ஆஸ்பத்திரியை மூடிவிட்டு எதற்கு வைத்தியம் என்று கத்தினார்.

சுவரோரமாக நின்றிருந்த அனிதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். கீழே ஓர் அறை இருக்கிறது என்றாள்.

“அது தொத்து ரூமாச்சே” என்றார் கோதண்டபாணி.

“தொத்தெல்லாம் ஒண்ணும் கெடையாதுங்க. போர்டு மட்டும்தாங்க.”

மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த அத்தனை நாட்களும் சேர்மன் கண்முன் வந்திருக்கவேண்டும். கோபப்படத்தான் போகிறார் என்று அனிதா நினைத்தாளாம். அவர் எழுந்து போய், அறைக் கதவைத் திறந்து பார்த்தார். சுத்தமான தரை. சுவரில் மூடி போட்டு நின்ற குழாய்கள். வெளிச்சம்.

மறுநாள் கார் கே.ஜி.கண்டிகைக்கு வந்தது. துளசிங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். கோதண்டபாணி உட்காராமலே பேசினார்.

“உன் ரூமு வேணும் பாப்பா.”

“என் ரூமு இல்ல மாமா. ஒங்களுதுதான்.” காபி டம்ளரை அவரிடம் நீட்டினாள். “அன்னிக்குத் தாத்தாவப் பத்தி நான் சொன்னது தப்பு.”

“அதெல்லாம் அப்பறம் பாக்கலாம். எங்கக்கா கார்ல வாந்தி எடுத்துகினு கீது” என்றார். ஆனால் அதற்கப்புறம் உட்கார்ந்து காபி குடித்தார்.

எல்லாம் அவள் கணக்குப் போட்டபடி அமைந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அமையவில்லை. அந்த அறை விபத்துக்கோ அவசரச் சிகிச்சைக்கோதான் தேவைப்படும் என்று எண்ணி, கழிவுநீர்க் குழாயை ஒரே ஒரு பக்கச் சுவரில் வைத்திருந்தாள். டயாலிசிஸுக்கு ஒவ்வொரு கட்டில் அருகிலும் கழிவுநீர் போக வழி வேண்டும். இது அவள் யோசிக்காத விஷயம். அறையின் மறுபாதியில் தரையை உடைக்கவேண்டியதாயிற்று. தரை உடைக்கும் கம்ப்ரஸரின் சத்தம் கேட்டதும் விஜயன் மாமனாரையும் அழைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தான். கோதண்டபாணிக்கும் இப்படி ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்ததுபோல் முகம் மலர்ந்தது.

“மாத்தலாம் மாத்தலாம்னியே பாப்பா. இப்ப நீயே ஒடச்சிகினு கீறியே.”

“ஆங், ஒடைக்கிறேன். கணக்குத் தப்பாயிடுச்சி” என்றாள் அவள். “தரையோட நின்னுடும் மாமா. ஒங்க மருமகன் சொன்ன மாதிரி மூணு வார்டு போவாது.”

போகவும் இல்லை. தூசி வெளியே வராமல் நடைப் பக்கக் கதவை அடைத்து, ஆம்புலன்ஸ் வாசல் பக்கமாகவே மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தை மொட்டைமாடியில் ஏற்றி, அதன் குழாய்களைச் சந்து வழியாகக் கீழே இறக்கினார்கள். அதற்காக விஜயனின் கிரானைட்டைப் பெயர்த்தபோது ஷோபனா பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்று அவள் சிரித்ததில் தப்பில்லை என்பேன். அந்த நாட்களில் ஓ.பி. ஒருநாளும் மூடப்படவில்லை.

முதலில் வந்து படுத்தவர்களில் சுலோச்சனாவும் ஒருத்தி. மெஷின் ஓட ஆரம்பித்ததும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள். “ஏண்டா, இவ்ளோ பெரிய எடத்த இத்தினி நாளா சும்மாவா போட்டு வச்சினு இருந்தே? புத்தி வேணாம்?” என்று கேட்டாள். கோதண்டபாணி ஷோபனாவைத் திரும்பிப் பார்த்தார். அவளோ ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தாள்.

திறப்பு விழாவைப் பெரிதாக வைத்தார்கள். அறை வாசலில் கல்வெட்டு. மேடையில் கோதண்டபாணி பேசினார். ஆஸ்பத்திரி கட்டும்போது அப்பா கனவில் வந்தாராம். ஒரு ரூமைக் காலியாக விட்டு வை, நாளைக்கு உதவும் என்று சொன்னாராம். ஊர் கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. சொல்லிக்கொண்டே போகையில் அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவர் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். கடைசி வரிசையில் அனிதாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷோபனாவின் தோள் குலுங்கியது. அனிதா அவள் கையைப் பிடித்து அழுத்தி, “வாயத் தொறக்காதீங்க அக்கா” என்றாள். திறக்கவில்லை. வாழ்க்கையில் அவள் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

விழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் ஷோபனா லாட்ஜ் ஆபீசுக்குப் போனாள். இருந்த காலி இடம் தீர்ந்துபோய்விட்டது, அடுத்தது எங்கே என்று கேட்டாள். கோதண்டபாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு தடவை உதவியதால் இனி காலாகாலத்துக்கும் காலி அறை வைத்துக்கொண்டே இருக்கவேண்டுமா என்றார். ஆமாம் என்றாள். ஆஸ்பத்திரியின் ரோட்டோர நிலம் வெறுமனே கிடக்கிறது, அதைக் கட்டாமல் விடுங்கள் என்றாள். அங்கே வரிசையாகக் கடைகள் கட்டப்போகிறேன், அட்வான்ஸும் வாங்கிவிட்டேன் என்றார் அவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்தியது கீழே டீக்கடை வரை கேட்டது. கடைசியில், கடைகள் கட்டுவது உறுதி, ஆனால் பிளான் அவளுடையது என்று முடிந்தது. அவளுக்கு அது தோல்விதான். நிலம் முழுசும் வேண்டும் என்று கேட்டுப் போனவள், கடைக்கு பிளான் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இப்போது அந்தக் கடைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஆஸ்பத்திரியின் தூண் இடைவெளியும் கடைகளின் தூண் இடைவெளியும் ஒன்றுதான். ஷட்டர்கள் கட்டில் நுழையும் அகலம். கடைக்கும் கடைக்கும் நடுவே வெறும் தடுப்புச் சுவர். இந்தத் தடவை தரைக்குக் கீழே இரண்டு பக்கமும் கழிவுநீர்க் குழாய் போட்டிருக்கிறாள், எதற்கு என்று அவளுக்கே இன்னும் தெரியாது. கோதண்டபாணிக்கு இதெல்லாம் புரியாமல் இல்லை. சைட்டுக்கு வருகிறார், குனிந்து பார்க்கிறார், ஒன்றும் கேட்காமல் காரில் ஏறிவிடுகிறார். அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் அங்கே வேலை இருக்கிறது.

முதல் கடையை எடுத்திருக்கும் டீக்கடை பங்காரு போனவாரம் வந்து பார்த்துவிட்டு ஷோபனாவிடம் போய் நின்றான்.

“ஏம்மா, ஒரு டீக்கடைக்கு இத்தினி ஓட்டை எதுக்கு?”

“டம்ளரு கழுவறதுக்கு” என்று சொல்லிவிட்டு, மேஸ்திரியைத் திட்டப் போய்விட்டாள்.